ஓய்வு பெற்றவரும் வாசிகசாலை வாங்கும்

ஊழியர் சேமலாப நிதியை மீளப் பெறுவதற்கு ஆணுக்கு 55 வயது நிரம்பவேண்டும், பெண்ணுக்கு 50. இலங்கையில் தனியார் துறையில் வேலை பார்த்த எவருக்கும் இந்த இரண்டு எண்களும் மனப்பாடம். நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, வேலை தருபவர் பங்காக நூற்றுக்கு 12 என்று மாதாமாதம் சேர்ந்த அந்தத் தொகைதான் பத்திரிகைக்காரனுக்குப் பென்சன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையினரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியிருந்தபடியால் நான் இன்னும் சில ஆண்டுகள் ஆசிரிய பீடத்தில் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 55 நிரம்பிய மாதமே மேசை இலாச்சியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நெல்லியடிக்கு வந்துவிட்டேன். காரணங்களை விரிக்க வேண்டியதில்லை. கண், முதுகு, ஊரில் தனித்திருந்த அம்மா.

750 ஆம் இலக்கப் பேருந்து வல்லை வெளியைத் தாண்டும்போது அடிக்கின்ற காற்று, விடுமுறைக்கு வருகிறவனுக்கு ஒரு சுகம். திரும்பிப் போகாமல் வருகிறவனுக்கு அது வேறு மாதிரி இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பக்கம் முடித்துப் பழகிய உடம்பு, ஊர் அடங்கிய பின்னரும் அடங்க மறுத்தது. விடியற்காலையில் பத்திரிகை வாங்கி வந்து, சிவப்புப் பேனாவால் தலைப்புகளைத் திருத்திக்கொண்டிருப்பேன். யாருக்காகத் திருத்துகிறேன் என்று எனக்கே தெரியாது. அம்மா மட்டும் தினமும் ஒரு முறை கேட்பார்: "ஏன் மோனை, இண்டைக்கும் கந்தோருக்குப் போகேல்லையோ?"

ஊரில் எவரும் என்னைச் சும்மா இருக்க விட்டார்கள் என்று சொல்ல முடியாது. வந்த ஒரு மாதத்துக்குள் மூன்று அழைப்புகள். ஒரு கோயில் திருப்பணிச் சபை, ஒரு பழைய மாணவர் சங்கம், ஓர் அபிவிருத்திச் சங்கம். மூன்றும் பதவிகள். தலைவராக இயலாவிட்டால் போசகராக இருங்கள், அதுவும் இயலாவிட்டால் ஆலோசகராக இருங்கள் என்றார்கள். ஒன்றில் செயலாளராக இணைந்தேன். ஆறு மாதத்தில் ஒன்பது கூட்டங்கள் கூடினோம். அவற்றில் நான்கு, விழா அழைப்பிதழில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்பது பற்றியவை. மற்றவர்களை மாத்திரம் குறை சொல்வதற்கில்லை. மேடையில் என் கழுத்திலும் மாலை விழுந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அடுத்த நாள் காலையில் அதே வெறுமை படலையைத் திறந்துகொண்டு வந்து விறாந்தையில் குந்தியது.

வேலையை விட்டு வந்த மனிதர்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதியவர்கள் அல்லர். இங்கே ஒரு காலத்தில் ஒவ்வோர் ஒழுங்கையிலும் ஒரு பென்சனியர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலம் படித்த நம்மவர்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள்; புகையிரதப் பகுதியிலும் பொதுவேலைப் பகுதியிலும் எழுதுவினைஞராக இருந்துவிட்டு ஐம்பதுகளில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு 'மலாயன் பென்சனியர்' என்றே பெயர். வீட்டுக்கு முன் மண்டபம் வைத்துக் கட்டினார்கள். கோயிலுக்கு மணிக்கூட்டுக் கோபுரம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தார்கள். கொழும்பிலும் சிங்களப் பகுதிக் கச்சேரிகளிலும் இருந்துவிட்டு வந்த கிளாக்கர்மார் இன்னொரு வகை. மணியோடரை நம்பி இயங்கிய கிராமங்களில் இந்த இரு வகையினரும்தான் வாசிகசாலைகளின், சனசமூக நிலையங்களின், கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களை எழுதினார்கள்.

இவர்களுக்குள் ஒரு பிரிவினர் தாமாக விரும்பி வந்தவர்கள் அல்லர். 1956 யூன் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அதைத் தொடர்ந்து, தமிழ் அரச ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், தவறினால் சம்பள உயர்ச்சி நிறுத்தப்படும் என்று 1961 டிசம்பரில் திறைசேரிச் சுற்றறிக்கை வந்தது. கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்குச் சேரவேண்டிய உயர்ச்சி மறுக்கப்பட்டது. வழக்குப் போட்டார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடர முடியாது என்று அதைக் கவிழ்த்தது. 1969 இல் இலண்டன் கோமறைக் கழகம், தொடரலாம் என்று கூறி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு ஏற்றதா என்ற மூலக் கேள்வியை மீண்டும் இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 1972 இல் புதிய அரசியலமைப்பே வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை எழுதப்படவே இல்லை. கோடீஸ்வரன் வழக்காடினார். வழக்காட வசதியோ துணிவோ இல்லாத பலர், ஓய்வு வயதுக்கு வெகு முன்பே கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டு யாழ்தேவியில் ஏறினார்கள்.

என் பெரியப்பா அப்படி வந்தவர். 1963 இல் அவருக்கு வயது 43. பரீட்சைக்கு இருந்தால் சித்தியடைந்திருப்பார் என்று அவருடைய சிங்கள நண்பர்களே சொன்னார்களாம். அவர் இருக்கவில்லை.

நான் அவரை அறிந்தது எழுபதுகளின் இறுதியில். காலை எட்டு மணிக்கு வாசிகசாலை திறக்கும். எட்டரைக்கு அவர் வருவார். பத்திரிகைகள் விரித்திருக்கும் சாய்மேசைக்கு அப்பால் சுவரோரமாக ஒரு நீள வாங்கு கிடந்தது. (தமிழ்நாட்டு வாசகர்களுக்காக: ஈழத்தில் 'வாங்கு' என்றால் பெஞ்சு.) அதன் ஒரு தலைப்பில் இருந்துகொண்டு, மரப்பெட்டிக்குள்ளிருந்து தாளும் கார்பன் தாளும் எடுத்து வைப்பார். காணிப் பிணக்கு, பிறப்புப் பதிவில் பெயர்ப் பிழை, மலாயாவிலிருந்து நின்றுபோன பணம் என்று ஆட்கள் வருவார்கள். கேட்பார், நிறையக் கேட்பார், எழுதுவது கொஞ்சம். 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று முடியும் அந்த ஆங்கிலக் கடிதங்களுக்கு அவர் காசு வாங்கியதில்லை. முருங்கைக்காய்க் கட்டு, இராசவள்ளிக் கிழங்கு, ஒருமுறை ஒரு கோழிக்குஞ்சு. நிலையத்தின் தலைவராக வரும்படி இரண்டு தடவை கேட்டும் அவர் மறுத்ததற்குச் சொன்ன காரணத்தைப் பெரியம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார்: "அந்தக் கதிரையிலை போய் இருந்தனெண்டால் ஆச்சிமார் கிட்ட வர மாட்டினம்."

இதை நான் மறந்தே போயிருந்தேன். நினைவூட்டியது ஒரு கடித உறை.

எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் வசிக்கும் எழுபது கடந்த பெண்மணி ஒருவர், ஒரு பின்னேரம் அம்மாவைப் பார்க்க வந்தார். கணவர் தெற்கே ஓர் அரச திணைக்களத்தில் சிற்றூழியராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருந்தார். போகும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, சீலைத் தலைப்பில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"தம்பி, நீ கொழும்பிலை இருந்தனி. இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு. நிப்பாட்டிப் போட்டாங்கள் எண்டுதான் நினைக்கிறன்."

முழுக்கச் சிங்களம். திகதியைப் பார்த்தேன். நான்கு மாதம் முந்தியது. நான்கு மாதமாக அது பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. சிங்களத்தில் கடிதம் வந்தால் அது மறுப்புக் கடிதம்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வாசிப்பித்துப் பார்த்தால் மறுப்பு உறுதியாகிவிடும் என்ற பயத்தில் அவர் எவரிடமும் காட்டவில்லை. கடிதம் கேட்டது இரண்டே இரண்டு: விவாகப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கப் பிரதி. முப்பது நாளுக்குள் அனுப்பவேண்டும்.

விவாகச் சான்றிதழ் 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது வீட்டோடு போய்விட்டது. அதற்குப் பிரதி எடுக்கலாம் என்பதும், பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதியில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்பதும் அவருக்குத் தெரியாது. அந்த நான்கு மாதங்களும் அவர் எதைக் கொண்டு சீவித்தார் என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்டார். அந்தப் பதிலை இங்கே எழுதமாட்டேன்.

எனக்குச் சிங்களம் எப்படி வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் நிருபராக இருந்தவன் பொலிஸ் அறிக்கையையும் சிங்களக் காலைப் பத்திரிகையையும் வாசிக்காமல் பிழைக்க முடியாது. சோற்றுக்காகக் கற்ற மொழி. பெரியப்பா எதைக் கற்க மறுத்து வேலையை இழந்தாரோ, அதைக் கற்று நான் வேலையைக் காத்துக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்ததுண்டு. அடுத்த சனிக்கிழமை வாசிகசாலைக்குப் போய், அந்த வாங்கு இன்னும் கிடக்கிறதா என்று பார்த்தேன். வாங்கு வேறு, இடம் அதே சுவரோரம்தான்.

சனிக்கிழமை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை என்று நேரம் குறித்தேன். முதல் மூன்று வாரமும் எவரும் வரவில்லை. பத்திரிகை வாசித்துவிட்டு எழுந்து வந்தேன். நான்காவது வாரம் இருவர். பிறகு நிற்கவில்லை.

வந்தவற்றில் பாதி சிங்களக் கடிதங்கள். மறுபாதி படிவங்கள். 2023 யூலையில் 'அஸ்வெசும' நலன்புரிக் கொடுப்பனவு தொடங்கியதிலிருந்து, பெயர் விடுபட்டவர்களின் மேன்முறையீடு என்று ஒரு தனிக் கூட்டம் வரும். முதலாவதாக வந்த ஒருவருக்காக இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். வறுமையின் கொடுமையையும் அரசின் கடப்பாட்டையும் எடுத்துரைத்த அதை, ஞாயிறு வெளியீட்டுக்குக் கொடுத்தால் அப்படியே போட்டிருப்பார்கள். நூல்களை அடுக்கும் பிள்ளை அருகில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சேர், கடிதம் நல்லாயிருக்கு. ஆனால் இதை அவை வாசிக்க மாட்டினம். ஒன்லைனிலை படிவத்திலை போடவேணும். இவரின்ரை அடையாள அட்டை இலக்கமும் நீங்கள் எழுதேல்லை." தன் கைத்தொலைபேசியை எடுத்துப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள். முப்பது ஆண்டு அனுபவம் அந்தப் பத்து நிமிடமும் பக்கத்தில் சும்மா இருந்தது. இப்போது வாங்கின் ஒரு தலைப்பில் நான், மறு தலைப்பில் அவள்.

ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குத் தொண்டு செய்யவேண்டும் என்று எழுதாத பத்திரிகை இல்லை. நானும் அப்படி ஆசிரியத் தலையங்கம் தீட்டியிருக்கிறேன். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒரு வரியும் அதில் இருந்ததில்லை. நம் ஓய்வு பெற்றோருக்கு மனமில்லை என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு ஊர் நீட்டுகின்ற ஒரே பொருள் கதிரையாக இருக்கிறது, அதுதான் கோளாறு. அதிபராக இருந்தவரைத் தலைவர் ஆக்குகிறோம். பொறியியலாளராக இருந்தவரைப் பொருளாளர் ஆக்குகிறோம். அவரும் அலுவலகத்தில் இழந்த நாற்காலி இங்கே திரும்பக் கிடைத்தது என்று அமர்ந்துவிடுகிறார். வேலையோ பழையபடி ஆளில்லாமல் கிடக்கிறது.

கேரளத்தைப் பாருங்கள். 1993 இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய வலிநிவாரணப் பணி, 2001 முதல் அயலகக் குழுக்களாக ஊர் ஊராகப் பரவியது. படுக்கையில் கிடக்கும் நோயாளியை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை. அதில் சேர விரும்புகிறவரிடம் அவர்கள் கேட்டது வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம். அதற்குச் சம்மதித்தால் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் என்று அளவு சொன்னபடியால்தான் சாதாரண மனிதர்கள் துணிந்து வந்தார்கள் என்று நினைக்கிறேன். 'ஊருக்காக உங்களை அர்ப்பணியுங்கள்' என்று கேட்டால் எவரும் தலையாட்டுவார், ஒருவரும் வரமாட்டார்.

நம் நாட்டிலேயே அளவு குறித்த வேலை ஒன்று இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகள். வேலிச் சண்டை, சிறு கடன், ஏச்சுப் பேச்சு போன்ற பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் இங்கே வருகின்றன. சட்டத்தரணிகளுக்கு இடமில்லை. பயிற்சி பெற்ற ஊர் மனிதர்கள் வார இறுதியில் இருந்து இரு பக்கமும் கேட்டு இணக்கம் காண முயல்கிறார்கள். சம்பளம் கிடையாது. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இதில் அதிகம். வடக்கில் காணிப் பிணக்கு எவ்வளவு என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேலையின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இதற்கு மாலை போடுவார் எவருமில்லை; தோற்றுப் போனதாக நினைக்கிறவரின் முறைப்பு வேண்டுமானால் சந்தையில் கிடைக்கும்.

கதிரையில் இருந்துகொண்டே வாங்கு வேலையும் செய்தவர்கள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் தேவஸ்தானத் தலைவராக இருந்த தங்கம்மா அப்பாக்குட்டி (1925–2008) ஆசிரியராக இருந்தவர். ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்குக் கோயிலோடு ஓர் இல்லம் நடத்தினார். கோயில் நிதியைக் கோபுரத்துக்கு மட்டும் என்று வைக்காமல் பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் திருப்பிய தலைமை அது. ஓய்வுக்குக் காத்திராதவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு, நீதிமன்றத்தில் பணியாற்றிய க. மு. செல்லப்பா 1933 இல் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததில் தொடங்குகிறது. இத்தகையவர்கள் அபூர்வம். அபூர்வத்தை நம்பி ஊரை நடத்த முடியாது.

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. நான் இரண்டிலும் கால் வைத்துப் பார்த்தவன்.

வடக்கில் 'தொண்டர்' என்ற சொல்லுக்கு ஒரு கசப்பு உண்டு. போர்க்காலத்திலும் அதற்குப் பின்பும் பாடசாலைகளில் தொண்டர் ஆசிரியர்களாக ஆண்டுக்கணக்கில் கற்பித்த இளைஞர், யுவதிகள் நியமனம் கேட்டு வீதியில் இருந்ததைச் செய்தியாக எழுதியவன் நான். ஓய்வூதியம் வாங்குகிற ஒருவர் 'சேவையாக' வகுப்பறைக்குள் நுழைந்தால், அந்த வெற்றிடத்துக்கு ஆள் போடத் தேவையில்லை என்று மேலே யாரோ ஒருவர் கோப்பை மூடிவிட இடமுண்டு. 2022 டிசம்பர் 31 அன்று அறுபது கடந்த அரச ஊழியர்கள் நாடு முழுவதும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். கற்றறிந்த பலர் திடீரென்று வீட்டில் இருந்தார்கள். அதே வீடுகளில் வேலையற்ற பட்டதாரிகளும் இருந்தார்கள். ஆகவே, சம்பளம் கொடுத்துச் செய்விக்கவேண்டிய வேலையில் ஓய்வு பெற்றவர் கை வைக்கக்கூடாது என்பது என் கருத்து. ஆங்கிலம் கற்பிக்க வா என்று ஒரு பாடசாலை கேட்டபோது, வகுப்பு நேரத்தில் மாட்டேன், பின்னேரம் வாசிகசாலையில் வேண்டுமானால் பிள்ளைகளை வரச் சொல்லுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டார்கள்.

மற்றையது என் வாங்கையே பற்றியது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் 16 ஆவது திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிர்வாக மொழியாக்கியது. அப்படியிருக்க, நெல்லியடியில் உள்ள ஒரு விதவைக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவது, அனுப்பியவரின் கடமைத் தவறு. அதை நான் இலவசமாக வாசித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்தத் திணைக்களத்தின் சம்பளம் வாங்காத மொழிபெயர்ப்பாளன் ஆகிவிடுகிறேன். தவறு தொடர்வதற்கு நானே வசதி செய்து கொடுக்கிறேன். இது எனக்கு உறைக்கச் சில மாதம் சென்றது. இப்போது சிங்களக் கடிதத்தோடு யார் வந்தாலும் இரண்டு கடிதம் எழுதுகிறோம். ஒன்று, கேட்டதற்குப் பதில். மற்றையது, இனித் தமிழில் எழுதும்படி கேட்டு அந்தத் திணைக்களத்துக்கு. அதன் பிரதி 1991 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு. இரண்டாவதற்குக் கையொப்பம் வைக்கப் பலர் பயப்படுகிறார்கள். "ஏன் தம்பி வீண் சோலி, வாறதையும் நிப்பாட்டிப் போடுவாங்கள்" என்கிறார்கள். வற்புறுத்துவதில்லை. கையொப்பம் வைத்தவர்களில் இருவருக்குத் தமிழில் மறுமொழி வந்தது. அந்த இரண்டையும் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இந்த இரண்டாவது கடிதத்தைப் பெரியப்பா பார்த்திருந்தால் என்னை மன்னித்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஐம்பதுகளில் இருக்கும் நண்பர்கள் கேட்கிறார்கள், ஊருக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று. அவர்களுக்கு நான் சொல்லும் மறுமொழி பிடிப்பதில்லை. பெயர்ப்பலகையோடு வராதீர்கள் என்கிறேன். ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் வாசிகசாலையிலோ உப தபாலகத்திலோ மந்திகை ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பகுதியிலோ இருந்து பாருங்கள். யார் எதற்காக அலைகிறார்கள் என்பது தெரியும். ஊருக்கு வர இயலாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் பரந்திருந்த தமிழர்கள் வேலை முடிந்த இரவுகளில் பழைய நூல்களைத் தட்டெழுதினார்கள், பிழை திருத்தினார்கள். 2005 பொங்கலோடு தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் எண்ணிம வடிவில் சேர்த்தது. ஒரு பக்கத்தை மெய்ப்புப் பார்ப்பதற்கு எவரும் பொன்னாடை போர்த்துவதில்லை. அதுவும் வாங்குதான்.

அந்தப் பெண்மணியின் கதையை விட்ட இடத்திலிருந்து முடித்துவிடுகிறேன். பிரதி எடுத்து, காலம் தாழ்ந்ததற்கு விளக்கம் எழுதி அனுப்பினோம். இரண்டு தடவை நினைவூட்டினோம். ஏழு மாதம் கழித்து நிலுவையோடு சேர்த்துப் பணம் வந்தது. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வாசிகசாலைக்கு வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து எழுந்தேன். பின்னால் இன்னொரு பெண்மணி நின்றார்.

"இவளுக்கும் ஒரு கடிதம் வந்து கிடக்குது தம்பி. பாத்துச் சொல்லு."

உறையைப் பிரித்தேன். தமிழ்க் கடிதம்.

"இது தமிழிலைதானே அக்கா இருக்கு?"

"தமிழ்தான். அதுதான் விளங்கேல்லை எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்."

வாசித்தேன். எனக்கும் இரண்டாம் முறை வாசித்த பிறகுதான் விளங்கியது.